அம்மா குரலுக்கு மார்க் இல்லை

அக். 6, திங்கள்

காலாண்டு லீவு முழுக்க வெயில். பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு மழை. வழியில் சைக்கிள் செயின் கழன்றது, கையெல்லாம் கிரீஸ். முதல் பீரியட் கையை முகர்ந்து பார்த்தபடியே போனது.

காலாண்டு பேப்பர் கொடுத்தார்கள். தமிழ் நன்று. சமூக அறிவியல் பரவாயில்லை. கணக்கைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

கலைப் போட்டி அறிவிப்பு. முதலில் பள்ளி அளவில், அப்புறம் ஆலங்குடியில் வட்டார அளவில். அதில் முதல் இடம் வந்தால் புதுக்கோட்டையில் மாவட்டப் போட்டி. டிராயிங் சார் மாறுதலில் போய்விட்டதால் கணக்கு சேகர் சார் (இனி க.சா.) பொறுப்பு. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அட்டெண்டன்ஸ் எடுக்கிற ராகத்திலேயே கேட்டார்: ஓவியம் யாரு, களிமண்ணு யாரு, பாட்டு யாரு, பலகுரல் யாரு. கடைசிக்குக் கை தூக்கினேன்.

"பிரியாவா? ஒனக்கு என்ன கொரல் வரும்?"

"பிரியாவா? ஒனக்கு என்ன கொரல் வரும்?" என்றேன், அவர் மாதிரியே மூக்கால்.

வகுப்பே சிரித்தது. முட்டி போட வைப்பார் என்று நினைத்தேன். பெயரை எழுதிக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "இத மேடையில பண்ணாத."

என்னால் முடிந்தவை:
டவுன்பஸ் கண்டக்டர்.
மிக்ஸி. தேங்காய்க்கு ஒரு சத்தம், மிளகாய்க்கு ஒரு சத்தம்.
அப்பா வண்டி ஸ்டார்ட் ஆகாதது.
மயில்.
ரேஷன் கடை அண்ணன்.
க.சா. (தடை செய்யப்பட்டது.)
அம்மா.

கடைசியில் எழுதியதுதான் எல்லாவற்றையும் விட நன்றாக வரும். தினமும் பயிற்சி நடக்கிறது. தம்பி முகிலுக்குச் சோறு ஊட்ட வேண்டுமே.

அக். 7, செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம். துணி காயவில்லை.

முகில் ஒன்றாம் வகுப்பு. எல்லாச் சோற்றையும் வாங்கமாட்டான், "அம்மா சோறு" வேண்டும். அம்மா சோறு என்றால் சாம்பாரோ ரசமோ இல்லை. நான் அம்மா குரலில் பேசிக்கொண்டே ஊட்டும் சோறு. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது அவன் பால்வாடிக்குக்கூடப் போகவில்லை. சாப்பிடாமல் அழுதான். ஏதோ வேடிக்கைக்கு அம்மா மாதிரி பேசினேன், வாயைத் திறந்தான். அதிலிருந்து பிடித்தது. வரும் தையோடு மூன்று வருசம்.

"ஏஞ்சாமி, ஒரு வா வாங்கிக்கடா. அங்கிட்டு என்னத்தப் பாக்குற, இங்கிட்டுப் பாரு. ஸ்ஸ்... இது காக்காவுக்கு, இது அணிலுக்கு, இது ஏஞ்சாமிக்கு."

அந்த "ஸ்ஸ்" முக்கியம். மிளகாயைக் கடித்தவள் மாதிரி அம்மா இரண்டு பேச்சுக்கு நடுவில் காற்றை உள்ளே இழுப்பாள். அதை விட்டால் முகில் வாயை மூடிக்கொள்கிறான். அவனை விடக் கறாரான நடுவர் கிடையாது.

நான் அம்மா குரலை எடுத்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். தேங்காய் லோடு ஏற்றும் குட்டியானை வண்டி அவருடையது. தினமும் அந்த நேரம் பார்த்து வண்டியைக் கழுவுவார். இவ்வளவு சுத்தமான தேங்காய் வண்டி ஆலங்குடிப் பக்கமே இருக்காது.

அக். 9, வியாழன்

பள்ளிப் போட்டி. மதியத்துக்கு மேல். மைக் இரண்டு தடவை மக்கர்.

பலகுரலுக்கு மொத்தம் மூன்று பேர். மற்ற இருவரும் பையன்கள், இருவரும் ஒரே நடிகர் குரல். யாருக்கு யார் எதிரொலி என்று தெரியவில்லை.

எனக்குக் கண்டக்டரில் கைதட்டல். மிக்ஸியில் விசில். முடிவில் அம்மா. சோறு ஊட்டுவது, தலை சீவி விடுவது, அப்புறம் ஊருக்குக் கிளம்புவது. கடைசி வார்த்தை "வாரேன்டா சாமி." அந்த வார்த்தையை வீட்டில் நான் சொல்வதே இல்லை. காரணம் நாளைக்கு எழுதுகிறேன், கை வலிக்கிறது.

சத்துணவு மல்லிகா அக்கா சமையலறையில் இருந்து கரண்டியோடு ஓடி வந்து நின்றார். அம்மாவும் அவரும் சேர்ந்து படித்தவர்கள். "சுமதி வந்துட்டான்னு நெனச்சேன் புள்ள," என்றார். கரண்டியில் இருந்து சாம்பார் சொட்டி அவர் காலில் விழுந்தது, கவனிக்கவில்லை.

முதல் இடம். புதன்கிழமை ஆலங்குடி.

க.சா.: "நல்லாருந்துச்சு. நேரம் கொஞ்சம் கூடுது. மயிலக் கொறச்சுக்க."

அக். 10, வெள்ளி

அம்மா போன் பண்ணும் நாள். வெள்ளிக்கிழமை மதியம் அங்கே மேடம் தூங்குவாராம். அந்த நேரம் அம்மா சமையலறையில் நின்று ரகசியமாகப் பேசுவாள். வீடியோ போடக் கூடாது, வெறும் குரல்தான்.

"சாப்புட்டீங்களா, சரி. தல சீவுனியா, சரி. சொல்லு சொல்லு, சீக்கிரம்."

"ஸ்ஸ்" இல்லை. இழுப்பதற்கு நேரம் இல்லை போல. நடுவில் அந்த வீட்டுக் குழந்தை வந்துவிட்டது. அதனிடம் அரபியில் ஏதோ கொஞ்சினாள். அர்த்தம் தெரியவில்லை, ராகம் தெரிந்தது. எங்களுடைய ராகம். காக்காவுக்கு, அணிலுக்கு, அதே இழுவை. எனக்குச் சுருக்கென்றது. ஒன்றரை வயசுக் குழந்தை மேல் பொறாமைப்படுகிறேன், வெட்கமாக இருக்கிறது, ஆனால் படுகிறேன்.

முகிலிடம் போனை நீட்டினேன். ஸ்பீக்கரில் இருந்தது.

"முகிலு, அம்மாடா," என்றாள் அம்மா.

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "இது அம்மா இல்ல. அக்காதான் அம்மா மாதிரி பேசும். இது வேற யாரோ."

அப்பா வாங்கி, "சிக்னல் விட்டுப் போச்சா?" என்றார். அம்மா, "ம், கேக்குது," என்றாள். அப்புறம், "வைக்கட்டுமா?"

எப்போதும் அப்படித்தான் முடிப்பாள், வைக்கட்டுமா. நம் ஊரில் வீட்டை விட்டுக் கிளம்பும் யாரும் போறேன் என்று சொல்லமாட்டார்கள். கடைக்குப் போனாலும் வாரேன், கண்காணாத சீமைக்குப் போனாலும் வாரேன். திருச்சி ஏர்போர்ட்டுக்கு வேன் ஏறும்போது அம்மாவும் "வாரேன்டா சாமி" என்றாள். முகில் சின்னப் பிள்ளை, வாரேன் என்றால் வருகிறேன் என்றுதானே எடுத்துக்கொள்வான். இருட்டும் வரை வாசல் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தூக்கினால் கடித்தான். மறுநாளும் நின்றான்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அவன் காதுபட வாரேன் சொல்வதில்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுப்பார். நான் டாட்டா காட்டுவேன். விசயம் தெரிந்த பிறகு அம்மா போனில்கூட அந்த வார்த்தையைத் தொடுவதில்லை.

அக். 12, ஞாயிறு

தூறல். தீபாவளித் துணிக்கு ஆலங்குடி போவதாக இருந்தது, அப்பாவுக்கு லோடு வந்துவிட்டது.

நேற்று முழுக்க யோசித்து ஒரு முடிவு எடுத்தேன். இனி அம்மா சோறு கிடையாது. நான் பேசப் பேச, அவனுக்கு நிஜ அம்மா வேற யாரோ ஆகிக்கொண்டிருக்கிறாள். அம்மா வந்து கேட்டுக்குள் கால் வைக்கும்போது இவன் என் பின்னால் ஒளிந்தால்?

காலை: என் குரலில் ஊட்டினேன். இரண்டு வாய், துப்பினான்.
மதியம்: தட்டைத் தள்ளினான். முட்டை பொரித்துத் தந்தேன். முட்டையை மட்டும் தின்றான்.
சாயங்காலம்: கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

அப்பா கதவருகில் நின்று, என்னைப் பார்க்காமல், "செஞ்சு காட்டேன்த்தா. புள்ள பட்டினியாக் கெடக்குறான்ல," என்றார். இதைப் பற்றி அவர் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுத் தூறலில் வண்டி கழுவப் போனார்.

பேசினேன். கட்டிலுக்கு அடியில் இருந்து தலை மட்டும் வந்தது. தட்டு காலி.

ஆனால் பேசும்போது ஒரு சந்தேகம். "இங்கிட்டுப் பாரு" என்பதற்கு முன்னால் "ஸ்ஸ்" வருமா, பின்னாலா? ஞாபகம் இல்லை. அம்மாவைப் பார்த்துச் செய்கிறேனா, நேற்றைய என்னைப் பார்த்துச் செய்கிறேனா? ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே போனால் மங்கிவிடுமே.

பாத்திரம் கழுவும்போது எனக்கு நானே அந்தக் குரலில் சொல்லிப் பார்த்தேன். "பிரியாக்குட்டி, கையெல்லாம் காச்சுப் போச்சாடி. விடு, நான் பாத்துக்கிறேன்." கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது. அப்புறம் அழுகை வந்துவிட்டது. முகிலுக்கு அம்மாவாகப் பேச நான் இருக்கிறேன். எனக்கு யார் இருக்கிறார்கள்?

அக். 15, புதன்

ஆலங்குடி. வெயில், நசநசப்பு. க.சா. பைக்கில் முன்னால் போக, நாங்கள் நான்கு பேர் டவுன்பஸ்ஸில். கண்டக்டர் நான் செய்யும் அதே கண்டக்டர். "படியில நிக்காத, உள்ள வா, உள்ள என்ன புலியா இருக்கு." வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினேன்.

எங்கே பார்த்தாலும் பிள்ளைகள். மூலையில் களிமண் யானைக்குத் தும்பிக்கை விழுந்து ஒருத்தி அழுகை. கோலத்தில் யாரோ மிதித்துச் சண்டை. புளிச்சோறு, ஊறுகாய்.

என் முறை. கண்டக்டர், மிக்ஸி, வண்டி, பாதி மயில், அம்மா. வாரேன்டா சாமி சொல்லிக் கும்பிட்டேன். எனக்குத் திருப்தி.

இரண்டாம் இடம். முதல் இடம் இரயில், நாய்ச்சண்டை, டிவியில் செய்தி வாசிப்பவர் எல்லாம் செய்த ஒரு பையனுக்கு. நன்றாகத்தான் செய்தான். செய்தி வாசிப்பவர் அச்சு அசல்.

நடுவர் அம்மா என்னைக் கூப்பிட்டார். நல்ல மாதிரி. "மத்ததெல்லாம் அருமை கண்ணு. ஆனா ஒங்கம்மா எப்படிப் பேசுவாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? நீ பேசுனது சரியா தப்பான்னு எத வச்சு மார்க் போட? எல்லாருக்கும் தெரிஞ்ச கொரலாப் பண்ணணும்."

நியாயம்தான்.

டீக்கடையில் க.சா. எனக்கு வடை வாங்கித் தந்தார். "அளவுகோல் இல்லாம அளக்கச் சொன்னா அவங்க என்ன பண்ணுவாங்க," என்றார். டீயை ஆற்றிக்கொண்டே, "எங்கம்மா தவறிப் போயி ஏழு வருசம். நீ பேசுறப்ப எனக்கு அவங்க ஞாபகம் வந்துச்சு. அதுக்கும் மார்க் போட முடியாது," என்றார். இனி அவர் மாதிரி மூக்கால் பேசுவதாக இல்லை. (ஒரு வாரத்துக்கு.)

பஸ்ஸில் யோசித்தேன். இந்தக் குரல் சரியா தப்பா என்று சொல்லக்கூடிய ஆட்கள்: முகில், அப்பா, மல்லிகா அக்கா. அப்பா காது கொடுப்பதில்லை. முகிலுக்கு நான் செய்வதுதான் அசல். மல்லிகா அக்காவும் அம்மா பேச்சைக் கேட்டு மூன்று வருசம் ஆகப்போகிறது. மிச்சம் அம்மாதான்.

அக். 17, வெள்ளி

மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது.

போன் வந்தது. அப்பாதான் அதிகம் பேசினார். அம்மாவுக்கு அக்ரிமெண்ட் முடிகிறது. இன்னும் இரண்டு வருசம் இருக்கச் சொல்லி மேடம் கேட்கிறார். இந்த மாசக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்கு டிக்கெட்.

அப்பா: "நீ என்ன சொல்ற?"
அம்மா: "நீங்க என்ன சொல்றீங்க?"
அப்பா: "நான் என்ன சொல்றது, ஒன் இஷ்டம்."
அம்மா: "என் இஷ்டம்னு எத சொன்னேன் இதுவரைக்கும்."

இரண்டு பேரும் பந்தை மாற்றி மாற்றி எறிந்துகொண்டே இருந்தார்கள். வந்துரும்மா என்று கத்தத் தோன்றியது. அழ வைக்கிற மாதிரி எதுவும் போனில் பேசக் கூடாது என்று அப்பா முன்பே சொல்லி வைத்திருக்கிறார். அழுத முகத்தோடு அங்கே வேலை பார்க்க முடியாதாம். பல்லைக் கடித்துக்கொண்டு, "போட்டியில ரெண்டாவது வந்தேன்," என்றேன்.

"என்ன போட்டி?"

"பலகுரல்."

"நல்லாப் படி," என்றாள். வைக்கட்டுமா.

முகில் இந்தத் தடவை போன் பக்கமே வரவில்லை. அம்மாவும் அவனைக் கேட்கவில்லை. கேட்கப் பயந்திருப்பாள்.

அக். 20, திங்கள்

தீபாவளி. காலையில் மட்டும் மழை விட்டது. பச்சைச் சுடிதார், கை கொஞ்சம் நீளம். முகிலுக்குத் துப்பாக்கி, ரோல் கேப். அப்பா கறி எடுத்துவந்தார், நான் வைத்த குழம்பில் உப்பு தூக்கல். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா இருந்தால் சொல்லியிருப்பாள்.

மல்லிகா அக்கா முறுக்கும் அதிரசமும் கொண்டு வந்தார். போகும்போது அப்பாவிடம், "அண்ணே, புள்ள சுமதி மாதிரி பேசுறத சுமதிக்குச் சொன்னீங்களா? அன்னிக்குக் கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல," என்றார்.

அப்பா முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் நின்றார். வண்டியைக் கழுவவும் போகவில்லை.

அக். 24, வெள்ளி

நல்ல வெயில். போர்வை எல்லாம் துவைத்துப் போட்டேன்.

சாயங்காலம் போன். அம்மாவின் சத்தம் பெரிதாக, திறந்து கேட்டது. மேடம் வீட்டார் எங்கோ போயிருக்கிறார்களாம். மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டே பேசினாள். பின்னால் காற்று.

"என்னய மாதிரி பேசுறியாமே. ஒங்கப்பா சொன்னாரு."

அப்பாவைப் பார்த்தேன். அவர் முகிலின் துப்பாக்கியில் ரோல் மாட்டுவதில் மும்முரம்.

"பேசு. கேக்குறேன்."

வட்டார நடுவர்களை விடப் பெரிய நடுவர். போனைக் கட்டிலில் ஸ்பீக்கரில் வைத்தேன். முகில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சோறு என்று நினைத்திருப்பான், வாயைக்கூடத் திறந்தான். ஆரம்பித்தேன். ஏஞ்சாமி, ஒரு வா வாங்கிக்கடா. தலை சீவுவது, சிக்கு எடுப்பது. போட்டியில் செய்தது முழுக்க. பயத்தில் வாய் தானாக ஓடியது. முகில் பக்கத்தில் இருப்பதை மறந்து கடைசி வரிக்கும் போய்விட்டேன். வாரேன்டா சாமி.

அப்பா தலையைத் தூக்கினார். முகில் என்னையே பார்த்தான்.

போனில் காற்று மட்டும். கட்டாகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது.

"நான் இப்படியா பேசுவேன்?" என்றாள் அம்மா.

"தப்பாம்மா?"

"தெரியலடி. மறந்து போச்சு. இங்க யாருகிட்ட அப்படிப் பேசுறது." மூக்கை உறிஞ்சினாள். அப்புறம், "இன்னொரு தடவ சொல்லு. மெதுவாச் சொல்லு."

நான் ஒரு வரி சொன்னேன். அம்மா அந்த வரியைச் சொன்னாள். ஒன்றாம் வகுப்பில் டீச்சர் சொல்லப் பிள்ளைகள் சொல்வது மாதிரி. ஏஞ்சாமி. ஏஞ்சாமி. ஒரு வா வாங்கிக்கடா. ஒரு வா வாங்கிக்கடா. முதலில் ஒட்டவே இல்லை, போன் குரலாகவே இருந்தது. மூன்றாவது வரியில், நான் சொல்லிக்கொடுக்காமலே, "ஸ்ஸ்" வந்தது. இங்கிட்டுப் பாரு என்பதற்கு முன்னால்தான். நான் பின்னால் போட்டுக்கொண்டிருந்தேன்.

முகில் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அக்கா, அக்கா. அது ஒன்ன மாதிரியே பேசுது."

அம்மாவுக்குக் கேட்டது. சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை, இத்தனைக்கும் பலகுரலில் பரிசு வாங்கியவள். முகில் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். "இன்னொருக்கா சொல்லு," என்றான், நேராக அம்மாவிடம். அம்மா காக்காவுக்கு, அணிலுக்கு எல்லாம் சொன்னாள். அவன் வாயைத் திறந்து திறந்து மூடினான், சோறே இல்லாமல்.

அப்போது அங்கே கீழே கார் சத்தம். மேடம் வந்துவிட்டார் போல. அம்மா அவசரமாக, "சரி சரி," என்றாள். வைக்கட்டுமா வரும் என்று காத்திருந்தேன்.

"வாரேன்டா சாமி," என்றாள். கட்.

மூவரும் போனையே பார்த்துக்கொண்டு இருந்தோம். நான் சொல்லிக்கொடுத்த கடைசி வரியைத் திருப்பிச் சொன்னாளா, அவசரத்தில் பழைய பழக்கம் வந்துவிட்டதா, இல்லை நிஜமாகவே வருகிறாளா? கையெழுத்தைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா திரும்பப் போட்டார். எடுக்கவில்லை. இன்னொரு தடவை. எடுக்கவில்லை.

"எந்த வாரேன்ப்பா?" என்று கேட்டேன்.

"எனக்கு என்னத்தா தெரியும்."

முகில் துப்பாக்கியைப் போட்டுவிட்டுப் போய் வாசல் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் தூக்கப் போனேன். அப்பா, "விடு," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய், முகிலைக் கொஞ்சம் நகர்த்தி நிற்கவைத்து, கொண்டியை எடுத்துக் கேட்டை இரண்டு பக்கமும் திறந்து விட்டார்.